கறுப்புக் கார் முழுக்க வெள்ளைப் பெயின்ட் துளிகள்: தின்னர் தொடலாமா?

#1 கறுப்புசெடான்
நண்பர்களே, அவசரம். ஒரு வாரம் வெளியூர் போய்விட்டு வந்து பார்த்தால், நிறுத்திவிட்டுப் போன கார் பனி பெய்தது மாதிரி நிற்கிறது. பக்கத்துக் கட்டடத்துக்கு வெளிப்பூச்சு நடந்திருக்கிறது. வண்டியை மூடி வைக்காதது என் தப்புதான், அதை விடுங்கள்.

கார் கறுப்பு, மூன்று வயது. பானட், கூரை, முன் கண்ணாடி, இடது ஹெட்லைட், வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் என்று எல்லா இடத்திலும் வெள்ளைப் புள்ளி. சில துளிகள் கடுகு அளவு, நகத்தால் கீறினால் செதிளாக வருகின்றன. மற்றவை கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை, ஆனால் கையை ஓட்டினால் உப்புத்தாள் மாதிரி சொரசொர என்கிறது. இந்த இரண்டாவது வகை எவ்வளவு கீறினாலும் வரவில்லை.

தின்னர் போட்டால் ஒரே துடையில் போய்விடும் என்கிறார் ஒருவர். பெட்ரோல் போதும் என்கிறார் மச்சான். இரண்டு பாட்டிலும் எதிரில் இருக்கின்றன. எதைத் தொட?

#2 ஆயில்கேன்
பெட்ரோல். பழைய பனியன் துணி. அஞ்சு நிமிஷ வேலை. நான் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

#3 மெழுகுப்பிரியன்
இரண்டு பாட்டிலையும் மூடி உள்ளே வையுங்கள். நகத்தால் கீறுவதையும் நிறுத்துங்கள். கறுப்பு வண்டியில் நகக்கீறல் வெயிலில் நிலா மாதிரி தெரியும்.

மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அடித்தது தண்ணீரில் கலக்கும் பெயின்டா, எண்ணெய்ப் பெயின்டா? பிரஷ், ரோலர், ஸ்ப்ரே இதில் எதனால் அடித்தார்கள்? உங்கள் காரில் எந்தப் பகுதியாவது இடித்து மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டதா? மூன்றாவதுதான் முக்கியம். முதல் இரண்டும் எது கறையை எடுக்கும் என்று சொல்லும். எது உங்கள் காரையே எடுத்துவிடும் என்று மூன்றாவது சொல்லும்.

#4 வாளியும்தூரிகையும்
நான் பெயின்டர், சுவர் வேலை. இந்தப் பக்கத்துக்கு வழக்கமாகக் கார் பைத்தியங்கள்தான் வருவீர்கள், இன்று எதிர்த்தரப்பின் வாக்குமூலத்தையும் கேளுங்கள்.

வெளிச்சுவருக்கு இப்போதெல்லாம் பெரும்பாலும் எமல்ஷன். அது தண்ணீரில் கலந்த அக்ரிலிக். ஈரமாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றினாலே ஓடிவிடும். காய்ந்தபிறகு தண்ணீரில் கரையாது, ஆனால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறினால் இளகும். ஆல்கஹால் பட்டால் இன்னும் நன்றாக இளகும்.

கம்பி, கதவு, கேட்டுக்கு எனாமல். அது எண்ணெய்ச் சாதி. டர்பன்டைன்தான் அதற்கு மருந்து. ஆனால் எனாமல் வெறுமனே உலர்வதில்லை, காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனை இழுத்து இறுகுகிறது. முதல் நாளில் டர்பன்டைன் பட்டால் கரையும். வாரங்கள் போனால் கரையாது, உப்பி இளகும், அவ்வளவுதான். அதனால் நாளை பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

என்சி லாக்கர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட், எத்தனை வருடம் ஆனாலும் அதன் தின்னரில் கரையும். சிக்கல் என்னவென்றால் அந்தத் தின்னருக்கு உங்கள் கார் பெயின்ட், பக்கத்துக் கேட் பெயின்ட் என்ற வித்தியாசம் கிடையாது.

நான்காவது, இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்ஸி, பாலியூரித்தேன் வகை. இறுகிவிட்டால் சாதாரணக் கரைப்பான் எதற்கும் மசியாது. அது சுவருக்கு அபூர்வம், தரைக்கும் இரும்புச் சட்டத்துக்கும்தான் அடிப்போம்.

போய் அந்தப் பெயின்டரிடம் காலி டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். சண்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். திட்டினால் டப்பாவை ஒளித்துவிடுவான், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். டப்பாவின் பின்பக்கம் எதில் கலக்க வேண்டும் என்று போட்டிருக்கும். தண்ணீர் என்றால் எமல்ஷன், டர்பன்டைன் என்றால் எனாமல்.

#5 கறுப்புசெடான்
போய் வந்தேன். நல்ல மனிதர், டப்பாவையே கையில் கொடுத்தார். சுவருக்கு எமல்ஷன், ரோலர். ஜன்னல் கம்பிகளுக்கு வெள்ளை எனாமல், அதை மெஷினில் ஸ்ப்ரே செய்திருக்கிறார்கள். நான்கு நாள் ஆகிறதாம்.

காரின் மற்ற பகுதி எல்லாம் கம்பெனிப் பெயின்ட். முன் பம்பர் மட்டும் போன வருடம் ஒரு பட்டறையில் அடித்தது.

#6 மெழுகுப்பிரியன்
அப்படியென்றால் உங்கள் காரில் இரண்டு வியாதி. கடுகு அளவுத் துளிகள் ரோலரிலிருந்து தெறித்த எமல்ஷன். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு, ஸ்ப்ரேயிலிருந்து கிளம்பிய எனாமல் புகை. ஓவர்ஸ்ப்ரே என்பது இதுதான். ஸ்ப்ரே துப்பாக்கியிலிருந்து கிளம்பும் நுண்துளி காற்றில் வரும்போதே பாதி காய்ந்துவிடும். அதனால் காரின் மேல் பரவி ஒட்டாமல், மணல் துகள் மாதிரி உட்கார்ந்திருக்கும். தனித்தனியாக நகத்தால் எடுக்க முடியாது, ஆனால் கிளே பாருக்கு, அதாவது ஒட்டிய துகளைத் தேய்த்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டிக்கு, இதுதான் பிடித்த சாப்பாடு.

கைவைக்கும் முன் ஒரு கணக்கு. கம்பெனிப் பெயின்ட் அடிப்பூச்சிலிருந்து மேல்பூச்சு வரை மொத்தமே சுமார் 100 முதல் 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் 40, 50 மைக்ரான், அதாவது தலைமுடியை விட மெல்லியது. பளபளப்பும் வெயில் தடுப்பும் அதில்தான் இருக்கின்றன. எந்த முறையானாலும் பெயின்ட் துளி போக வேண்டும், இந்த 40 மைக்ரான் இருக்க வேண்டும்.

நிழலில் நிறுத்துங்கள், பானட்டைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். முதலில் தாராளமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள். தூசியோடு தேய்ப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

எமல்ஷன் துளிகளுக்கு: வெதுவெதுப்பான கார் ஷாம்பூத் தண்ணீரில் துண்டை நனைத்து, பிழியாமல் அப்படியே பானட்டின் மேல் விரித்துவிட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். துண்டு காயக்கூடாது. எடுத்தால் துளிகள் மங்கி, விளிம்பு தூக்கிக்கொண்டிருக்கும். மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றிய பிளாஸ்டிக் அட்டையால் பக்கவாட்டில் தள்ளினால் தோலாக உரிந்து வரும். பிடிவாதம் பிடிப்பவற்றுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நனைத்த துணியை அரை நிமிடம் வைத்து எடுங்கள். தேய்க்கும் வேலையைத் துணிக்குக் கொடுக்காதீர்கள், ஊறவைக்கும் வேலையைக் கொடுங்கள்.

எனாமல் சொரசொரப்புக்கு நேராகக் கிளே பார். அது நாளைக்கு, அப்புறம் எழுதுகிறேன்.

#7 சந்தேகப்பேர்வழி
ஒரு நிமிடம். எனாமலுக்கு டர்பன்டைன் மருந்து என்று பெயின்டர் அண்ணன் சொல்கிறார், நீங்கள் நேராகக் களிமண்ணுக்குப் போகிறீர்கள். கரைக்க முடிகிறதை எதற்குத் தேய்க்க வேண்டும்? கறுப்பு வண்டியில் கிளே போட்டால் மெல்லிய கோடு விழும் என்று எல்லோருக்கும் தெரியும்.

#8 மெழுகுப்பிரியன்
நியாயமான கேள்வி. தனித்தனியாகப் பெரிய எனாமல் சொட்டு இருந்தால் நானும் டர்பன்டைன்தான் சொல்வேன். துணியில் நனைத்து அந்தச் சொட்டின் மேல் ஒரு நிமிடம் வைத்து, துடைத்து, உடனே ஷாம்பூ போட்டுக் கழுவ வேண்டும். கம்பெனி கிளியர் கோட் சுமார் 140 டிகிரி சூட்டில் சுட்டெடுக்கப்பட்டது, கொஞ்ச நேர டர்பன்டைனுக்கு அசராது. ஆனால் இங்கே இருப்பது ஆயிரக்கணக்கான புள்ளி. பானட் முழுக்க டர்பன்டைனைப் பூசினால் இளகிய எனாமல் பாலாடை மாதிரி பரவும், ரப்பர் ஓரங்களிலும் இடுக்குகளிலும் போய் உட்காரும். ஒரு வியாதியை இரண்டாக்கின கதை.

கோடு விழும் என்பது உண்மை. கிளே என்று பெயர் இருந்தாலும் அது மண் இல்லை, நுண்ணிய உராய்பொருள் கலந்த பிசின். 1990களில் ஜப்பானியரான ததாவோ கொடாதே வாங்கிய அமெரிக்கக் காப்புரிமையில் அதற்கு வைத்த பெயரே ‘வளையும் பிளாஸ்டிக் சாணைக்கல்’ என்பது போலத்தான் இருக்கும். சாணைக்கல் என்று நினைத்துக் கையாண்டால் பாதித் தவறு குறையும். மெல்லிய ரகத்தில் தொடங்கினால் விழும் கோடும் கடைசியில் ஒரு பாலிஷில் போகிற அளவுதான்.

#9 தழும்பு
தின்னர் பற்றிக் கேட்டார் அல்லவா, அனுபவஸ்தன் வந்திருக்கிறேன்.

என் வண்டியின் பின் கதவு ஏற்கெனவே ஒரு பட்டறையில் அடித்தது. அதில் மஞ்சள் பெயின்ட் உரசல். தின்னரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். மஞ்சள் போனது, சந்தோஷம். இரண்டாவது துடைப்பில் பஞ்சு சிவப்பானது. என் வண்டி சிவப்பு. மூன்றாவது துடைப்பில் நிறுத்தியிருக்கலாம், ஆனால் ஓரத்தைச் சமப்படுத்துகிறேன் என்று உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக்கிவிட்டேன். கதவு முழுக்க மறுபடி அடிக்க வேண்டி வந்தது. பட்டறைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

உங்கள் பம்பரும் பட்டறைப் பெயின்ட் என்கிறீர்கள். ஜாக்கிரதை.

#10 மெழுகுப்பிரியன்
தழும்பு சொன்னதைப் பிரிண்ட் எடுத்து ஒட்ட வேண்டும். பட்டறையில் கம்பெனிச் சூடு கிடையாது, போதாததற்குப் பம்பர் பிளாஸ்டிக். நல்ல பட்டறையில் ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடித்திருந்தால் தாங்கும், ஸ்ப்ரே டப்பாவில் முடித்திருந்தால் தின்னர் பட்டதும் வழிந்துவிடும். எது என்று பார்த்துத் தெரியாது. பம்பரின் அடிவிளிம்பில், கண்ணில் படாத இடத்தில் வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். நிறம் ஒட்டினாலோ, இடம் பிசுபிசுத்தாலோ அந்தத் திரவம் அங்கே வேண்டாம்.

@ஆயில்கேன், பெட்ரோல் எடுக்காது என்று சொல்லவில்லை. எரியும், புகையை மூக்கில் இழுப்பீர்கள், படலம் வேறு விட்டுப்போகும். அதே வேலையைத் தார் நீக்கும் திரவம் நிதானமாகச் செய்கிறது. தீப்பெட்டியோடு விளையாட என்ன தலையெழுத்து?

#11 ஆயில்கேன்
என் வண்டி இன்னும் ஓடுகிறது.

#12 வாளியும்தூரிகையும்
ஓடும் தம்பி, பளபளக்கிறதா என்று சொல்.

துணி விஷயம் ஒன்று. எண்ணெய்ப் பெயின்ட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் மாதிரி உலரும் எண்ணெய் இருக்கும் துணி, குவியலாகக் கிடந்தால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. தனித்தனியாக வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த வாளியில் போடுங்கள்.

#13 கறுப்புசெடான்
முதல் நாள் அறிக்கை. துண்டு வித்தை வேலை செய்தது! பதினைந்து நிமிடம் கழித்துத் துண்டைத் தூக்கியபோது நான்கைந்து துளிகள் துண்டிலேயே ஒட்டிக்கொண்டு வந்தன. மீதி, அட்டையை வைத்துத் தள்ளியதும் பொருக்கு மாதிரி பெயர்ந்தன. கூரையில் இரண்டு மட்டும் ஆல்கஹால் கேட்டன. ஒரு துளிக்குக் கீழே வட்டமாக ஒரு மங்கல் தடம் இருக்கிறது, அதற்கு என்ன?

இப்போது பானட் பார்வைக்குச் சுத்தம். கையை ஓட்டினால் அதே உப்புத்தாள்.

#14 மெழுகுப்பிரியன்
தடத்தைப் பாலிஷ் பார்த்துக்கொள்ளும், கவலை வேண்டாம்.

இனி கிளே. முதலில் மெல்லிய பிளாஸ்டிக் பையில் கையை நுழைத்து, கழுவிய பானட்டின் மேல் விரல் நுனியை ஓட்டுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத புள்ளிகூடப் பைக்குள் பெரிதாகத் தெரியும். எங்கே வேலை பாக்கி என்று கண்ணை விட இது சரியாகச் சொல்லும்.

கட்டியில் பாதியை மட்டும் எடுத்து வெந்நீரில் போட்டுப் பிசைந்து, மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாக்குங்கள். ஒரு சமயத்தில் இரண்டடிக்கு இரண்டடி இடம். அங்கே ஷாம்பூத் தண்ணீரைத் தாராளமாகத் தெளியுங்கள், வழிந்தால் பரவாயில்லை, காய்ந்தால்தான் பிரச்சினை. கட்டியை நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள், வட்டமாக வேண்டாம். அழுத்தாதீர்கள், சோப்புக் கட்டியைப் பிடிக்கும் பிடி போதும்.

காதைத் தீட்டி வையுங்கள். தொடக்கத்தில் சரசர என்று சத்தம் வரும், கட்டி இழுத்துப் பிடிக்கும். பத்துப் பன்னிரண்டு ஓட்டத்தில் சத்தம் அடங்கி வழுக்க ஆரம்பிக்கும். வழுக்கினால் அந்த இடம் முடிந்தது, அடுத்ததுக்குப் போங்கள். அடிக்கொரு தடவை கட்டியைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மடித்துப் பிசைந்து புதுமுகம் எடுங்கள். கீழே விழுந்தால் எவ்வளவு புதுசாக இருந்தாலும் குப்பைக்கு. தரையில் ஒட்டிய ஒரு மணல் போதும், பானட் முழுக்க ரோடு போட்டுவிடும்.

#15 நடுரோடு
இழையைத் திசைதிருப்புகிறேன், மன்னிக்கவும். எனக்கு ரோட்டுக் கோடு. காயாத வெள்ளைக் கோட்டின் மேல் ஏறிவிட்டேன், சக்கர வளைவும் கதவின் கீழ்ப்பகுதியும் முழுக்கத் தெறித்திருக்கிறது. இதே கிளேதானா?

#16 வாளியும்தூரிகையும்
வேண்டவே வேண்டாம்! ரோட்டுப் பெயின்டில் இரவில் ஒளிர்வதற்காகக் குட்டிக் குட்டிக் கண்ணாடி மணிகள் போட்டிருப்பார்கள். அதைத் தேய்த்தால் கண்ணாடித் தூளால் காரைத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

#17 மெழுகுப்பிரியன்
ஆமாம். நடுரோடு, இன்றைக்கே நடந்தது என்றால் முதலில் அழுத்தமான தண்ணீர். காய்ந்துவிட்டது என்றால் வாசலின் மாதிரி பெட்ரோலியம் ஜெல்லியைக் கெட்டியாக அப்பி, ஓர் இரவு விடுங்கள். இளகியதை மென்மையான துணியால் எடுத்து, கழுவி, மறுபடி அப்புங்கள். இரண்டு மூன்று சுற்று ஆகும். எல்லா மணியும் போனது என்று கை சொன்ன பிறகுதான் கிளே பற்றிப் பேச வேண்டும். சக்கர வளைவுக்கு உள்ளே இருப்பதை விட்டுவிடுங்கள், யாரும் படுத்துப் பார்க்கப் போவதில்லை.

#18 சந்தேகப்பேர்வழி
கண்ணாடிக்கும் ஹெட்லைட்டுக்கும் யாரும் பதில் சொல்லவில்லையே. இரண்டும் கண்ணாடிதானே, பிளேடு போதாதா?

#19 மெழுகுப்பிரியன்
இரண்டில் ஒன்றுதான் கண்ணாடி, அதுதான் விஷயம்! முன் கண்ணாடி நிஜக் கண்ணாடி. சோப்புத் தண்ணீர் வழிய வழிய, புது பிளேடைப் படுத்தாற்போல் 30 டிகிரியில் சாய்த்து ஒரே திசையில் தள்ளினால் பெயின்ட் சுருளாக வரும். பின்னுக்கு இழுக்காதீர்கள். வைப்பர் ரப்பரையும் துடையுங்கள், அதில் ஒட்டிய துளி முதல் மழையில் கண்ணாடியைக் கீறும்.

ஹெட்லைட் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பிளேடு பட்டால் கீறல். தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி எது பட்டாலும் உள்ளுக்குள் மயிரிழை வெடிப்பு விட்டுப் பனி மூடியது போலாகிவிடும், அதைத் துடைத்து எடுக்க முடியாது. அங்கே ஷாம்பூத் தண்ணீரும் மெல்லிய கிளேயும் மட்டும்.

#20 மங்கல்நிறம்
என் வண்டி மேட் ஃபினிஷ். கிளே, பாலிஷ் எல்லாம் போடலாமா?

#21 மெழுகுப்பிரியன்
கூடாது. தேய்த்த இடம் பளபளத்துத் திட்டாகிவிடும், அதை மறுபடி மங்கலாக்க வழி கிடையாது. ஷாம்பூ ஊறல், மேட் வண்டிக்கென்றே இருக்கும் திரவம், அதற்கும் மசியாவிட்டால் தெரிந்த கை.

#22 கறுப்புசெடான்
இரண்டாம் நாள் அறிக்கை. இன்று காலையிலிருந்து மதியம் வரை கிளே. பானட்டின் முதல் சதுரத்தில் சத்தம் கேட்டது, நிஜமாகவே சரசர. ஆறேழு ஓட்டத்தில் பாதி அடங்கியது, பத்தில் கட்டி கையை விட்டு நழுவப் பார்த்தது. திருப்பிப் பார்த்தால் சாம்பல் நிறக் கட்டியில் எள் தூவியது மாதிரி வெள்ளை. பிளாஸ்டிக் பை போட்டுத் தடவினேன். தேய்த்த இடம் கண்ணாடி, தேய்க்காத இடம் மணல். நடுவில் கோடு கிழித்தது போல எல்லை தெரிந்தது.

கூரைக்கு வரும்போது கட்டி கீழே விழுந்தது. ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். துடைத்துப் போட்டுவிடலாம் என்று மனது சொன்னது. நல்லவேளை, பாதியை மட்டும் எடுக்கச் சொன்னீர்கள். மற்ற பாதியை எடுத்தேன்.

பம்பரில் அடிவிளிம்பில் டர்பன்டைன் தொட்டுப் பார்த்தேன், துணி லேசாகக் கறுத்தது. உடனே கழுவிவிட்டேன். அங்கே கிளே மட்டும் போட்டேன், அதற்கே எல்லாம் வந்துவிட்டது. தழும்பு அண்ணே, நன்றி.

இப்போது மீதி: வெயிலில் பார்த்தால் பானட்டில் மெல்லிய கோடுகள். பிறகு வைப்பருக்குக் கீழே அந்தக் கறுப்பு பிளாஸ்டிக், சொரசொரப்பான குழிகளுக்குள் வெள்ளை புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

#23 சந்தேகப்பேர்வழி
கோடு விழும் என்று சொன்னேன் இல்லையா.

#24 மெழுகுப்பிரியன்
சொன்னீர்கள், ஒப்புக்கொண்டேன். கறுப்புசெடான், முடிக்கும் பாலிஷ் ஒன்றை மென்மையான ஸ்பாஞ்சில் எடுத்துக் கையாலேயே போடுங்கள். பஃபிங் மெஷின் பழக்கமில்லை என்றால் இந்த வண்டியில் பழகாதீர்கள், விளிம்புகளில் கிளியர் கோட் மெல்லியதாக இருக்கும், ஒரு கணத்தில் சுட்டுவிடும். வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், போடச் சொல்லி யாராவது வந்தால் அவர் எபாக்ஸிக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அது தேவையில்லை. கடைசியில் கட்டாயம் வாக்ஸ். கிளேயும் ஆல்கஹாலும் பழைய வாக்ஸை வழித்து எடுத்திருக்கும், இப்போது பெயின்ட் வெறும் உடம்போடு நிற்கிறது.

அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கில் கிளே போடாதீர்கள், துணுக்குகள் குழியில் மாட்டிக்கொண்டு இன்னும் அசிங்கமாகும். அங்கே நான் பெரிதாக ஜெயித்ததில்லை. பெயின்டர் அண்ணன் ஏதாவது சொல்வாரா?

#25 வாளியும்தூரிகையும்
பழைய பல் பிரஷ், மென்மையானது. ஆல்கஹால் தண்ணீரில் நனைத்துக் குழியின் போக்கிலேயே தேய்த்து, இளகியதும் உடனே துணியால் ஒற்றியெடுக்க வேண்டும், விட்டால் மறுபடி அதிலேயே காயும். அங்கே விழுந்தது எமல்ஷன் என்றால் வந்துவிடும். எனாமல் என்றால் டர்பன்டைனைத் துணியில் துளி தொட்டு முயற்சி செய்யலாம், பிளாஸ்டிக் வெளுக்கிறதா என்று ஓரத்தில் பார்த்துவிட்டு.

#26 கறுப்புசெடான்
பல் பிரஷ் போட்டேன். முக்கால்வாசி வந்துவிட்டது, இடது மூலையில் நான்கு புள்ளி மட்டும் அசையவில்லை. வைப்பர் கீழே இறங்கினால் சரியாக அவற்றின் மேல்தான் படுக்கிறது, யாருக்கும் தெரியாது. பாலிஷ் ஞாயிற்றுக்கிழமை.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அடுத்த வாரம் பின்பக்கச் சுவராம். எந்த நாள், எந்த நேரம் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். கார் உறைக்கும் சொல்லியாயிற்று.

#27 ஆயில்கேன்
உறைக்கு உள்ளே தூசி இருந்தால் அதுவும் கீறும், கழுவிவிட்டுப் போடுங்கள்.

#28 மெழுகுப்பிரியன்
ஆயில்கேன் சொன்னதில் முதல் தடவையாக எனக்கு மறுப்பு இல்லை.